சரி என்றால் கோபித்துக்கொள்ளும் இன்ஜினியரம்மா

இன்ஜினியரம்மாவிடம் "சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. முகம் சுருங்கிப்போகும். கையில் இருக்கிற டீயைத் தரையில் வைத்துவிட்டு, "எது சரி? ஏன் சரி? எனக்குச் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். டீ ஆறி, ஆடை கட்டி, அதில் ஈ விழுகிற வரைக்கும் விடமாட்டார். என் நாத்தனார் பச்சையம்மா சொல்லுவாள், "பேய் புடிச்சவங்களுக்கு வேப்பிலை அடிச்சா எறங்கிடும் அண்ணி. இந்தம்மாவுக்கு சரின்னு ஒரு வார்த்த சொன்னா ஏறிக்குது."

தான் இன்ஜினியர் இல்லை என்று அவர் பல தடவை சொன்னார். ஆர்க்கிடெக்ட் என்று வேறு ஒரு பேர் இருக்கிறதாம். என் வாயில் அது நுழையவில்லை, நுழைக்க நானும் மெனக்கெடவில்லை. "வீடு கட்றவங்கதானே? அப்ப இன்ஜினியர்தான்" என்று முடித்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிற அம்மா, அதற்கு மட்டும் சண்டை பிடிக்கவில்லை.

நாங்கள் இருளர் சனம். அடி அண்ணாமலை தாண்டி ஏரிக்கரை ஓரத்தில் எங்கள் குடிசைகள் இருந்தன. செங்கல் சூளை, கரும்பு வெட்டு, நெல் அறுப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் எங்கள் ஆட்கள் போவார்கள். நான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுகிற ரோட்டில் நாவல்பழமோ பனங்கிழங்கோ, அந்தந்தக் காலத்துக்குக் கிடைப்பதை வைத்து விற்பேன். ரொம்பப் பேரம் பேசுகிறவர்களுக்குக் கொடுக்க மாட்டேன். சாமி கும்பிட வந்தவர்கள் சாமியை மட்டும் கும்பிட்டுப் போகட்டும்.

எங்களுக்கு இந்த அம்மா வருவதற்கு முன்னாலேயே ஒரு முறை வீடு கட்டிக் கொடுத்தார்கள். யார் கட்டியது என்பதெல்லாம் போகட்டும். தீப்பெட்டியை அடுக்கின மாதிரி ஒரே வரிசை. அடுப்பு வைக்க இடம் கிடையாது, புகை போக வழி கிடையாது. மழை வந்தால் தரை ஊறும், வெயில் வந்தால் மேலே கொதிக்கும். ஒரு வருஷம் பார்த்தோம். அப்புறம் ஆடுகளை உள்ளே கட்டிவிட்டு, நாங்கள் பக்கத்திலேயே கூரை போட்டுக்கொண்டு படுத்தோம். ஊருக்குள் அதுவே பேச்சாகிவிட்டது. ரேஷன் கடை வரிசையில் நின்றால் யாராவது ஒருத்தர், "இவங்களுக்கு வீடு குடுத்தா ஆட்டைக் கட்டுவாங்க" என்பார்.

"அதுல ஆடே இருக்க மாட்டேங்குது. வேணும்னா நீ வந்து இரு" என்று நான் திருப்பிக் கொடுப்பேன். வரிசையே சிரிக்கும். ஆனாலும் அந்தப் பேச்சு அரிசி மூட்டையோடு சேர்ந்து என் தலையில் ஏறிக்கொண்டு வீடு வரைக்கும் வரும்.

அதனால் மறுபடியும் வீடு வருகிறது என்றதும், இதைக் கெடுத்துவிட்டால் எங்கள் சனத்துக்கு வீடு என்று இனிமேல் யாரும் வாயே திறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நல்ல வீட்டுக்குள், என் வீடு என்று கதவைச் சாத்திக்கொண்டு, கால் நீட்டித் தூங்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அதற்கு நடுவில் வீட்டுக்குப் படம் போட இந்த அம்மா வந்து சேர்ந்தார்.

பழைய ஸ்கூட்டர் ஒன்றில் வருவார். அவர் வருவது ரோட்டு வளைவு திரும்புவதற்கு முன்னாலேயே எங்கள் நாய்களுக்குத் தெரியும். நல்ல கனத்த உடம்பு, நாற்பது தாண்டிய வயசு, தோளில் ஒரு ஜோல்னாப் பை. காலடியில் ஒரு சாக்குக் கோலப்பொடி. குடிசைக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். கூப்பிடாமல் உள்ளே வரமாட்டார். மண் தரைக்கு எதற்குச் செருப்பைக் கழற்றுகிறார் என்று எங்கள் பெண்களுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை எனக்கு முதலில் பிடித்துப்போனது அதனால்தான்.

எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் பேப்பரோடு யார் வந்தாலும், சரி என்று சொல்லி அனுப்புவது எங்கள் பழக்கம். சரி என்றால் போய்விடுவார்கள். இல்லை என்றால் உட்கார்ந்துகொண்டு ஏன் எதற்கு என்பார்கள், குரல் ஏறும். சூளை முதலாளிக்குச் சரி, கரும்பு மேஸ்திரிக்குச் சரி, ஆபீஸ்காரருக்குச் சரி. எங்கள் பிள்ளைகள் அம்மா என்று சொல்லப் பழகின கையோடு சரிங்க என்று சொல்லப் பழகிவிடும்.

முதல் வாரம் அவர் பேப்பரில் வரைந்து காட்டினார். நாங்கள் சரி என்றோம். வேறு மாதிரி வரைந்து காட்டினார். அதற்கும் சரி. இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்றார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்குதும்மா" என்றாள் பச்சையம்மா. அன்றைக்கு அந்தம்மா ஸ்கூட்டரை உதைத்த உதையைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் வந்து, ஏரிக்கரைத் திடலில் கோலப்பொடியால் ஒரு வீட்டை வரைந்தார். குட்டிப் படம் இல்லை, வீடு எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிசு. எல்லோரையும் சுற்றி நிற்கவைத்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குதுங்கம்மா" என்றோம், கோயில் மணி அடித்த மாதிரி ஒன்றாக.

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"ரொம்ப நல்லா இருக்குதும்மா."

"சரி. எந்தப் பக்கமா உள்ள போவீங்க?"

அப்போதுதான் பார்த்தோம். நாலு பக்கமும் கோடு. வாசலே கிடையாது. என் மாமனாருக்குத் தம்பி, எங்கள் சின்ன மாமா, கூட்டத்தில் மூத்தவர். மரியாதை தெரிந்த மனுஷன். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்து சொன்னார்: "நீங்க எப்பிடிப் போவச் சொல்றீங்களோ, அப்பிடிப் போறோம்மா."

இன்ஜினியரம்மா அவரையே பார்த்தார். அப்புறம் கோலப்பொடிச் சாக்கின் மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் முதலில் சிரித்தேன், அப்புறம் எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, எங்கள் மேல். கதவில்லாத வீட்டுக்குச் சரி என்று சொன்ன சனம் நாங்கள்தானே?

"பெரியம்மா, நீங்களாவது என்னைத் திட்டுங்களேன்" என்றார் என்னிடம்.

"எங்கள ஏமாத்தனா திட்ட மாட்டனா? நாளைக்கு வாங்க, திட்றேன்" என்றேன்.

"சத்தியமா?"

"வாங்கம்மா, வாங்க."

அதற்குப் பிறகு எங்கள் திடல் முழுக்கக் கோலப்பொடி வீடுகள்தான். சட்டி பானையைக் கொண்டுவந்து உள்ளே வை என்பார். கட்டிலைப் போடு, கோழிக்கூண்டை வை, மாமியாரை உட்காரவை என்பார். தானே சுடிதாரோடு அந்தக் கோட்டுக்குள் மல்லாந்து படுத்து, கால் இடிக்கிறதா என்று பார்ப்பார். "படுங்க பெரியம்மா, நல்லா நீட்டிப் படுங்க, வீடு படுத்துப் பாக்கறதுக்குத்தான்" என்பார். நட்ட நடுப் பகலில், ரோட்டில் போகிற வேன்காரர்கள் எட்டிப் பார்க்க, வெறும் திடலில் நாங்கள் குடும்பம் குடும்பமாகப் படுத்துக் கிடந்தோம்.

வேடிக்கை என்னவென்றால், ரெண்டு நாளில் அந்தக் கோடு எங்களுக்கு நிஜச் சுவராகிவிட்டது. பச்சையம்மாவின் மருமகள் அவசரத்தில் கோட்டைத் தாண்டிப் போய்விட்டாள். "பாரு அண்ணி, செவுத்து மேல ஏறிப் போறா இவ! வாசப்படி எதுக்கு வெச்சிருக்குது?" என்று பச்சையம்மா கத்தினாள். மருமகளும் விடவில்லை. "வாசப்படிலதான் நீ குந்திக்கினு கீறயே, எப்பிடிப் போவட்டும்?" என்றாள். இன்ஜினியரம்மா ஓடிவந்து, மாமியாரும் மருமகளும் தனித்தனியாகப் போக ரெண்டு வாசல் வேண்டுமா என்று கேட்டார். ரெண்டு பேரும் ஒரே குரலில் வேண்டும் என்றார்கள். அந்த வீட்டில் அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றுதான். பின்பக்கம் ஒரு வாசல் எல்லா வீட்டுக்கும் வந்தது அப்படித்தான்.

இப்படிக் கேட்டுக் கேட்டே நாள் போயிற்று. வேங்கிக்காலில் இருக்கிற ஆபீசிலிருந்து ஆள் வந்து, படம் வரவில்லை என்றால் இந்த வீடுகள் வேறு ஊருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "இந்தம்மா கேட்டுக் கேட்டே வீட்ட கைய விட்டுப் போவ வெச்சிடும்." எனக்கும் அந்தப் பயம் வந்தது. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, எதனா ஒண்ணு கட்டிக் குடுத்துட்டாதான் இன்னா? நாங்க இருந்துக்க மாட்டமா?"

"போன தடவ இருந்துக்கிட்டீங்களா?"

அந்தம்மா சுருக்கென்று பேசுவதிலும் கெட்டிதான்.

கோலப்பொடியில் வீடுகள் ஒரு வழியாக முடிந்தன. பொதுவில் வர வேண்டியவைதான் மிச்சம். குளிக்கிற இடம், கக்கூஸ், துணி துவைக்கிற கல், எல்லோரும் கூடுகிற கூடம். வீட்டுக்கு வீடு கக்கூஸ் வைக்க அந்த இடத்தில் தோது இல்லை, பொதுவில்தான் வைக்க வேண்டும் என்று பேசி முடிவாகியிருந்தது. அந்தக் கூடத்தை மட்டும் இன்ஜினியரம்மா வேறு மாதிரி வரைந்தார். நாலு பேரைக் கேட்டு வரையவில்லை, ஆசைப்பட்டு வரைந்தார். தெருவுக்கு நடுவில், வேப்பமரத்தைச் சுற்றி, வட்டமாக, சுவர் இல்லாமல், சுற்றிலும் உட்காரத் திண்டு. அதற்கு அந்தப் பக்கம் பெண்களுக்குக் குளிக்கிற இடமும் கக்கூசும். வட்டத்தைப் போட்டு முடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் எல்லாம் கோலப்பொடி.

"எப்படி இருக்கு?"

ஆண்கள் ஏற்கெனவே போய் உட்கார்ந்துவிட்டார்கள். சீட்டாட நல்ல இடம் என்று ஒருவன் சொன்னான். "சரிங்கம்மா, ரொம்ப நல்லா இருக்குது" என்றோம்.

அந்தம்மா "ஏன் சரி?" என்று கேட்கவே இல்லை. கைதட்டினார். "நாளைக்குக் காலையில படத்த எடுத்துக்கிட்டு எல்லாருமா வேங்கிக்கால் போறோம்" என்றார்.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாமனார் முறை உள்ளவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தைத் தாண்டி, கையில் வாளியோடு பெண்கள் நடக்க மாட்டோம். சுற்றிப் போவோம், இல்லையென்றால் அவர்கள் எழுந்து போகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு இருப்போம். இந்த வட்டத்தைச் சுற்றிப் போக வழியில்லை. அடக்கிக்கொண்டு இருப்பதென்றால், சீட்டாட்டம் எப்போது முடிவது? மறுபடியும் ஏரி உள்வாய்ப் புதர் மறைவுக்குத்தான் போவோம். கக்கூசில் ஆட்டைக் கட்டுவோம். ரேஷன் கடையில் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

"சொல்லு அண்ணி" என்றாள் பச்சையம்மா என் காதில்.

"நீ சொல்றது."

"உனக்குத்தான வாய் ஜாஸ்தி?"

அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சொல்ல மனசு வரவில்லை. அதனால் சொல்லவில்லை. தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன்.

"இன்ஜினியரம்மா, என் வீட்டு வாசலுக்குப் போய் நில்லுங்க. அங்கேர்ந்து கக்கூசுக்கு நடங்க."

"எதுக்கு?"

"எங்கள எல்லாம் படுக்க வெச்சீங்க இல்ல? நீங்க நடக்கக் கூடாதா?"

நடந்தார். என் கோலப்பொடி வாசலில் இருந்து இறங்கி, வாளி தளும்பத் தளும்ப, வட்டத்துக்குப் பக்கத்தில் வந்தார். நடுவில் உட்கார்ந்திருந்த சின்ன மாமா அவரைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, துண்டை எடுத்து இடுக்கிக்கொண்டு கேட்டார்:

"எங்கம்மா போறீங்க?"

நான் சொல்லிவைத்து அவர் கேட்கவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். தெருவில் யார் போனாலும் கேட்பார். பதில் சொல்லாமல் போனால் வருத்தப்படுவார்.

இன்ஜினியரம்மா வாளியைப் பார்த்தார், சின்ன மாமாவைப் பார்த்தார், திண்டில் இருந்த அத்தனை ஆண்களையும் பார்த்தார். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினோம். அந்தம்மாவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார் என்னிடம். சிரிப்பே இல்லை.

"நீங்க ஆசையா நின்னுகினு இருந்தீங்க."

"ஆசையா இருந்தா? என்கிட்டயே சரின்னு சொல்லுவீங்களா? இத்தன நாள் கழிச்சு?"

"நீங்கதான் ஏன்னு கேக்கலியே?"

வாளியைக் கீழே வைத்தார். பையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். திடலே என் மேல் பாய்ந்துவிட்டது. விடிந்தால் படம் கொடுக்க வேண்டும், படம் வரைகிறவரையே விரட்டிவிட்டேன் என்றார்கள். "சொல்லு அண்ணி" என்று என் காதைக் கடித்த பச்சையம்மா, கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்று, "அண்ணிக்கு எப்பவுமே அப்பிடித்தான்" என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மூட்டை கட்டி வைத்திருந்த என் தூக்கம் அந்த ஸ்கூட்டர் புகையோடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

காலையில் நாய் குரைத்தது. நான் ஏரியில் முகம் கழுவிவிட்டு வருவதற்குள், அந்தம்மா அந்த அழகான வட்டத்தைத் தன் வெறுங்காலாலேயே தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார். கண் வீங்கியிருந்தது. அழுதாரா, தூங்கவில்லையா, நான் கேட்கவில்லை.

"எங்க போடலாம்?" என்றார், தலை நிமிராமல்.

"ஆம்பளைங்க குந்தற கூடத்த ரோட்டோரம் போடுங்க. போற வர வண்டியப் பாத்துகினு இருக்கட்டும். நாங்க பின்னாடி வாசல் வழியா எங்க பாட்டுக்குப் போய் வர்றோம். துவைக்கிற கல்லும் அங்கயே இருக்கட்டும்."

"கல்லு அங்க வேணாம். தண்ணி கக்கூஸ் பக்கம் தேங்கும்."

"தேங்காது."

"தேங்கும் பெரியம்மா!"

"சரி, இந்தப் பக்கம் போடுங்க."

"எது சரி?" என்று அவர் நிமிர்ந்தார். நான் சரிவைக் காட்டி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லி, நீங்கள் சொல்வதுதான் சரி என்று விளக்கின பிறகுதான் மறுபடியும் குனிந்தார். பத்து மணிக்குள் கோடு போட்டு, பேப்பரிலும் ஏற்றி, ஷேர் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு வேங்கிக்கால் போனோம். ஆபீசர் படத்தைப் புரட்டிவிட்டு, "இவங்களுக்கு இதெல்லாம் ஓகேவா?" என்று அந்தம்மாவைக் கேட்டார். அந்தம்மா, "தோ இருக்காங்களே, கேளுங்க" என்றார். அந்த மனுஷன் கேட்டார். பாவம், மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் போகும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். சின்ன மாமாவே கூடத்துக்குக் கூரை எப்படி இருக்க வேண்டும் என்று தனியாகப் பேசினார்.

வீடு வந்தது. ஆவணியில் பால் காய்ச்சினோம். அதற்குள் இன்ஜினியரம்மாவுக்கு வேறு ஊரில் வேறு சனத்தோடு வேலை வந்துவிட்டது. பால் காய்ச்ச வந்தவர் எல்லார் வீட்டிலும் ஒரு வாய் குடித்துவிட்டு, வயிறு சரியில்லாமல் போனார்.

ஐப்பசியில் பெரிய மழை பிடித்தது. நான் மத்தியானம் ரசச்சோறு சாப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தேன். நாய் குரைக்கிறது, கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறது. திறந்தால் இன்ஜினியரம்மா, தலையிலிருந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட. மழையில் யார் வீட்டுக்கு வெளியே படுத்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் அவ்வளவு தூரம் ஸ்கூட்டரில் வந்திருக்கிறார். தெரு முழுக்கச் சுற்றிவிட்டாராம். ஒருத்தர் கூட வெளியில் இல்லையாம்.

"அதுக்கா இந்த மழையில வந்தீங்க? புத்தி கித்தி இருக்குதா? உள்ள வாங்க மொதல்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். துண்டு கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே தரையைப் பார்த்தார். என் பாயின் பாதி நனைந்திருந்தது. கிழக்கு ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஜன்னல் நான் கேட்டு வாங்கினது. எல்லோரும் பெரிய ஜன்னலைத் தெற்கே வைத்தார்கள். எங்கள் இடத்துக்கு மலை கிழக்கே இருக்கிறது. படுத்தபடியே மலையைப் பார்க்க வேண்டும், அதனால் எனக்குக் கிழக்கேதான் வேண்டும் என்று நின்றேன். ஐப்பசி மழை அந்தப் பக்கத்திலிருந்துதான் சாய்த்து அடிக்கும் என்று ரெண்டு நாள் என்னோடு மல்லுக்கு நின்றுவிட்டு, கடைசியில் வைத்துக் கொடுத்தார்.

இப்போது நான் சொல்லவில்லையா என்று கேட்கப்போகிறார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. "மேல ஒரு ஷேடு நீட்டி வெச்சா நின்னுடும் பெரியம்மா. ஆளை அனுப்பறேன்" என்றார்.

"வேணாம்."

"தண்ணி உள்ள வருதே?"

"வரட்டும். இத்தினி வருசம் யாரோ பண்ண தப்புல நனைஞ்சோம். இது என் தப்பு. நான் நனைஞ்சுக்கறேன்."

அந்தம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. நான் பாயை மேற்குச் சுவர் ஓரமாக, ஈரம் படாத இடத்துக்கு இழுத்துப் போட்டேன். ரெண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக மழை மட்டும்தான் தெரிந்தது.

"மலை எங்க பெரியம்மா?" என்றார் சிரித்துக்கொண்டு.

"அது எங்க போவும்? மழை உட்டதும் தெரியும். உக்காந்திருங்க."